மண்டையனுக்கு மைக் பிடித்த யோகராஜ்

அந்தமானில் எங்கள் பத்துபஸ்தியில் தண்ணீர் எப்போது வரும் என்பதை நாங்கள் குழாயைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. யோகராஜ் மாமாவின் தொண்டையைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அவருடைய ஆட்டோவின் கூரையில் புனல் மாதிரி ஒரு லவுட்ஸ்பீக்கர் இருக்கும். ஒரு கை ஹேண்டிலில், மறு கையில் மைக். தண்ணீர் திறக்கும் நேரம், புயல் எச்சரிக்கை, கோயில் திருவிழா, கோழிக்கறி விலை, காணாமல்போன ஆடு, எதுவாக இருந்தாலும் அவர் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வரவேண்டும். முதலில் தமிழ், அடுத்து ஹிந்தி, அடுத்து பெங்காலி, தெருவைப் பொறுத்துத் தெலுங்கு.

எங்கள் தலைக்கு மேல்தான் விமானம் இறங்கும். அந்தச் சத்தம் வந்தால் மாமா வார்த்தைக்கு நடுவிலேயே நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் விட்ட எழுத்திலிருந்து தொடங்குவார். ஒரு தடவை "பொதுமக்கள் குடி" என்று நிறுத்தினார். விமானம் தரை தொட்ட பிறகுதான் "நீரைக் காய்ச்சிப் பயன்படுத்தவும்" என்று முடித்தார். அதற்குள் எங்கள் தெரு கணபதி சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மைக்கை மாமா யாருக்கும் தரமாட்டார். "இது என் சோத்துத் தட்டு. கை வச்சா கைய ஒடிப்பேன்" என்பார். சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நாள் அவர் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், இன்று மாலை விமான நிலையத்துக்குள் இலவசமாக மாடு மேய்த்துக்கொள்ளலாம் என்று அந்த மைக்கில் ஒரு பிள்ளை அறிவித்துவிட்டது. இரண்டு வீட்டில் மாட்டையே அவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஆள் என்னவோ சின்ன ஆள்தான். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றால் மூட்டைக்குத்தான் மரியாதை கிடைக்கும். குரல் மட்டும் யாரோ பெரிய மனிதருக்குப் போகவேண்டியது, முகவரி மாறி இவரிடம் வந்துவிட்டது.

சொந்த ஊர் எது என்று அவரிடம் கேட்டால் ஒரு டீ ஆறிவிடும். பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து சிலோனுக்குத் தேயிலை பறிக்கப் போனவர். அப்பா பெரியதம்பி அங்கேயே பிறந்து வளர்ந்தார். அப்புறம் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசின. "இவன் எங்க ஆள் இல்ல" என்றது ஒன்று. "சரி, எங்க ஆள்தான், ஆனா அதோ அங்க போய் இருக்கட்டும்" என்றது இன்னொன்று. கப்பலேற்றி நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். மாமா கச்சாலில் பிறந்தார், போர்ட் பிளேரில் வளர்ந்தார். (போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை.) மைக்கில் எந்தச் சொல்லுக்கும் தடுமாறாத மனுஷன், "ஊர்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் நின்றுதான் போவார்.

இனி படத்துக்கு வருகிறேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டு, மழையும் பிடித்துக்கொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோயில் ஹாலில் பிள்ளைகளுக்கு மாமா படம் போடுவார். எல்லா வருஷமும் ஒரே படம். அபர்தீன் பஜாரில் ஒரு சி.டி. கடையை மூடும்போது அள்ளிக்கொண்டு வந்தது. ஆங்கிலப் படம், அட்டை கிழிந்துபோனதால் பேர் தெரியாது. வானத்திலிருந்து இறங்கிய ஒரு ஜந்து தன் கூட்டத்தைத் தவறவிட்டுவிட்டு ஒரு பையன் வீட்டில் ஒளிந்துகொள்கிறது. இரண்டும் உயிருக்குயிராகிவிடுகின்றன. கடைசியில் அதன் கப்பல் திரும்பி வருகிறது. அது போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. உடம்பைவிடத் தலை பெரிசு என்பதால் அதற்கு எங்கள் காலனியில் மண்டையன் என்று பேர்.

சி.டி.யில் படம் ஓடும், சத்தம் வராது. எங்கேயோ கீறல். அதனால் ஆட்டோவிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டுவந்து, திரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாருக்கும் மாமாவே குரல் கொடுப்பார். பையன், பையனின் அம்மா, போலீஸ், நாய், மண்டையன், எல்லாமே அவர்தான். பழக்கதோஷத்தில் மண்டையன் வாயைத் திறந்ததுமே, "அன்பார்ந்த பூலோக மக்களே, த்யான் தீஜியே" என்று கவனிக்கச் சொல்லி ஆரம்பிப்பான்.

முதல் வருஷம் ஒரு சிக்கல் வந்தது. மண்டையன் ஆகாயத்தைப் பார்த்து அழுகிற காட்சி. "எங்க போகணும்னு அழுறான் மாமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வீட்டுக்கு என்று சொல்லமுடியாது, வீட்டுக்குள்தான் இருக்கிறான். "ஊருக்கு" என்றார் மாமா, கொஞ்சம் நின்று. உடனே ஒரு பெங்காலிப் பையன், "ஊர் க்யா ஹோதா ஹே, அங்கிள்?" என்று, ஊர் என்றால் என்னவென்று கேட்டான். மாமா மைக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், "மெயின்லேண்டு" என்றார்.

"அச்சா!" என்றது மொத்த ஹாலும்.

எங்கள் தீவில் இது எவனுக்கும் புரியும். இங்கே யாராவது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வானத்தையோ கடலையோ பார்த்தால், மெயின்லேண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் கேட்டுக் கிடைக்காத ஆபீசர் என்று அர்த்தம். அன்றிலிருந்து மண்டையனும் மெயின்லேண்டுக்காரன் ஆனான். மண்டையனின் கப்பல் வரவில்லை என்றால் கடல் சரியில்லை என்று அர்த்தம். கூட்டம் அவனை விட்டுவிட்டுப் போனால், டிக்கெட் கவுன்டரை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். "ஐலண்டர் கார்டைக் காட்டியிருக்கலாமே!" என்று பிள்ளைகள் கத்தும். "அவனுக்கு ஏதுடா கார்டு? இப்பதான வந்திருக்கான்!" என்பார் மாமா. உள்ளூர்க்காரர்களுக்குத்தான் அந்தக் கார்டு, கப்பல் டிக்கெட்டுக்குச் சலுகை உண்டு.

நான் ஒரு தடவை போனில் தேடி, சத்தம் உள்ள படத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தேன். அதில் மண்டையன் பேசுவதே அபூர்வம். எனக்கு ஒரே ஏமாற்றம். யாரோ நம்ம படத்தைத் திருடி வசனத்தையெல்லாம் வெட்டிவிட்டது போல இருந்தது.

இந்த வருஷம் படம் போடுவதற்கு முன்னால் ஒரு சேதி வந்தது. பக்கத்து வீட்டு வினோத்குமார் அண்ணனுக்குச் சென்னையில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரன் ஜெயில் காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற குடும்பம் அது. வீட்டில் ஹிந்தி, எங்களோடு தமிழ், சண்டை வந்தால் இரண்டும். அவர் மகள் ஸ்வப்னாவும் யோகராஜ் மாமாவின் மகள் சித்ராவும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவரில் குதிரை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒன்று இந்தப் பக்கம் காலைப் போட்டும் மற்றது அந்தப் பக்கம் காலைப் போட்டும், பேசியே அந்தச் சுவரைத் தேய்த்த பிள்ளைகள்.

சேதி தெரிந்ததும் சித்ரா அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. ஸ்வப்னா கொடுத்த ஹேர்பேண்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். "கப்பலேத்திவிட ஜெட்டிக்கு நான் வரமாட்டேன். அவ பேரைச் சொன்னா சாப்பிடவும் மாட்டேன்" என்றாள். சொன்னபடியே தட்டில் இருப்பதைக் கிளறிவிட்டு எழுந்துபோனாள். தினமும் சாயங்காலம் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்வப்னா விசிலடிப்பாள். இந்தப் பக்கம் ஜன்னல் திறக்காது. கொஞ்ச நேரம் விசிலடித்துவிட்டு, சுவரிலிருந்து அவள் இறங்கிப்போகிற சத்தம் கேட்கும். நான் எதிர் வீடு. எனக்கு எல்லாம் கேட்கும்.

கப்பல் திங்கட்கிழமை. அதற்குள் மகளை எப்படியாவது அந்தப் பிள்ளையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடவேண்டும் என்று யோகராஜ் மாமா தவியாகத் தவித்தார். ராணி அத்தை சமையல்கட்டில் சுரமை மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அங்கே மீன் இருந்தால் நானும் இருப்பேன்.

"சின்னப் பிள்ளதான. ஸ்கூல் தொறந்தா மறந்துரும்" என்றார் அத்தை.

"மறக்காது."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் சும்மா இருந்தால் விமானம் வருகிறதோ என்று மேலே பார்ப்பது எங்கள் வழக்கம். விமானம் எதுவும் வரவில்லை.

"கச்சால்ல எனக்கு ஐசக்குனு ஒரு நிக்கோபாரி சிநேகிதன் இருந்தான்" என்றார். "அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் சேத்து கையளவு ஹிந்தி. அத வச்சே நாள் பூரா பேசுவோம். அவன் எனக்குத் தோணி ஓட்டச் சொல்லிக் குடுத்தான். நான் அவனுக்குத் தமிழ்ல கெட்ட வார்த்தை சொல்லிக் குடுத்தேன்."

"நல்ல பண்டமாத்து" என்றார் அத்தை.

"எங்கப்பாவுக்கு இங்க வாட்ச்மேன் வேலை கெடச்சுது. கெளம்புற அன்னிக்கு எனக்கு ஒரே ரோஷம். என்னையக் கேட்டா எல்லாம் செய்றாங்க, நான் ஏன் டாட்டா காட்டணும்னு கப்பல்ல கீழ்த்தட்டுல மூட்டைங்களுக்கு நடுவுல போய் உக்காந்துக்கிட்டேன். ஐசக்கு ஜெட்டில நின்னு 'யோகா, யோகா'ன்னு கத்துறான். கேக்குது எனக்கு. மேல போகல."

அத்தை அரிவாள்மனையில் கையை நிறுத்தினார். "அப்புறம் போய்ப் பாக்கலியா?"

"அப்புறம் சுனாமி வந்துருச்சு. கச்சால்ல பாதிக்கு மேல இல்ல. ஐசக்கு இருக்கானா இல்லையான்னு நான் இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் கேக்கல."

"கேக்க வேண்டியதுதான மாமா" என்றேன்.

"கேட்டா பதில் வந்துருமே பிள்ள."

அத்தை மறுபடியும் மீனை நறுக்க ஆரம்பித்தார்.

கடைசியில் வழியை அத்தைதான் கண்டுபிடித்தார். "படத்தப் போடுங்க. சித்ரா அத விடமாட்டா, ஸ்வப்னாவும் வருவா. ரெண்டும் ஒரே ஹாலுக்குள்ள உக்காந்தா தானா பேசிரும்."

மாமாவுக்கு அதில் ஒரு பயம். "கடைசியில மண்டையன் போறான்ல? அத பாத்துட்டு அவ இன்னும் மொறைச்சுக்கிட்டா? அந்த டாட்டா சீனுக்கு எனக்கும் வாய் வராது. இந்தத் தடவை மண்டையன் போகலைன்னு சொல்லிரப்போறேன்."

"மாமா, கப்பல் மேல போறது படத்துல தெரியுமே!" என்றேன்.

"பேச்சுல சமாளிக்கலாம். வராத தண்ணியவே இத்தன வருஷமா பேச்சுல சமாளிக்கிறவன் நான்."

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஜன்னல்களில் போர்வையும் தார்ப்பாயும் தொங்கவிட்டு ஹாலை இருட்டாக்கினோம். தகரக் கூரை மேல் மழை கொட்டியதில், மண்டையன் தொண்டை கிழியக் கத்தித்தான் வசனம் பேசவேண்டியிருந்தது. ஸ்வப்னா முன் வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். சித்ரா வந்தாள், ஆனால் கடைசியில், வாசலை ஒட்டி, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ராணி அத்தை போட்ட கணக்கில் ஹால் இவ்வளவு நீளம் என்பது விட்டுப்போயிருந்தது. ஸ்வப்னா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள். சித்ரா கூரையைப் பார்ப்பாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. குவியலிலிருந்து சித்ராவின் ஒரு செருப்பை மட்டும் எடுத்து என் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால், எப்போதும் செய்கிற வேலைதான், கை சும்மா இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படம் ஓடியது. மண்டையன் கப்பலைத் தவறவிட்டான். பிள்ளைகள் ஐலண்டர் கார்டுக்காகக் கத்தினார்கள். பையனின் அம்மா அலமாரியைத் திறக்கப்போகும்போது, "அம்மா, திறக்காதீங்க, உள்ள எலி மருந்து வச்சிருக்கேன்" என்றான் பையன். மண்டையன் பொரித்த சுரமை கேட்டான். எல்லாம் வழக்கம் போல. சித்ராகூட ஒரு இடத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. வெளிச்சமாக அந்தக் கப்பல் வந்து இறங்கியது. மாமா மைக்கை இறுக்கிப் பிடித்தார்.

"பயணிகளின் கவனத்திற்கு! கடல் கொந்தளிப்பு காரணமாக மண்டையனின் கப்பல் ரத்து செய்யப்படுகிறது. டிக்கெட் எடுத்தவங்க எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். மண்டையன் இங்கயே இருக்கான்!"

திரையில் மண்டையன் கப்பலை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"மாமா, அவன் நடக்குறானே!"

"பை ஒண்ண மறந்து வச்சுட்டான். எடுத்துட்டு வந்துருவான்."

"மாமா, ஏறிட்டான்!"

"உள்ளதான் பை இருக்கு."

"கதவ சாத்திட்டாங்க!"

"மழை அடிக்குதுல்ல, சாரல் வரும்னு சாத்துறாங்க."

"மாமா, கப்பல் மேல போகுது!"

"அது... ட்ரையல். சும்மா எஞ்சின் ஓட்டிப் பாக்குறாங்க. திரும்ப எறக்கிருவாங்க."

மொத்தப் பிள்ளைகளும் "ஜூட்! ஜூட்! பொய்!" என்று தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் விசிலடித்தான். (நான் இல்லை. நான் செருப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.) அந்தச் சத்தத்துக்கு மேலே சித்ராவின் குரல் வந்தது.

"அப்பா, போதும். போறவங்க போவாங்க. எதுக்குப் பொய் சொல்ற?"

எழுந்து வாசலுக்குப் போனாள். ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொன்றைத் தேடினாள். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு குவியலைக் கிளறினாள். வெளியே மழை தண்ணீரைக் குடம் குடமாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. மாமா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மைக் மடியில் கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, அதிலிருந்து ஒரு மொழியிலும் ஒன்றும் வரவில்லை.

ஸ்வப்னா எழுந்து நேராகப் போய் அவர் மடியிலிருந்து அந்த மைக்கை எடுத்தாள். எல்லாரும் மாமாவின் கையைப் பார்த்தோம். அவர் எதையும் ஒடிக்கவில்லை.

"த்யான் தீஜியே" என்றாள் ஸ்வப்னா. ஸ்பீக்கர் கீச்சென்று கத்தி அடங்கியது. "சித்ரா, நான் மண்டையன் பேசுறேன்."

தரையைத் தட்டிய கைகள் நின்றன. வாசலில் தேடிக்கொண்டிருந்த கையும் நின்றது.

"கப்பல் கேன்சல் இல்ல. நாளைக்குப் போகுது. நானும் போறேன். டிக்கெட் எடுத்தது நான் இல்ல, பப்பாதான். என்கிட்ட யாரும் கேக்கல." மூக்கை உறிஞ்சினாள். அதுவும் மைக்கில் கேட்டது. "அப்புறம் மாமா ஹர் சால், ஒவ்வொரு வருஷமும், ஒண்ணு சொல்றாரு, மண்டையன் மெயின்லேண்டுக்குப் போகணும்னு அழுறான்னு. அதுவும் தப்பு. மண்டையன் மெயின்லேண்ட பாத்ததே இல்ல. திக்லிபூர் வரைக்கும்தான் போயிருக்கான். அதுக்கே பஸ்ல வாந்தி. மண்டையனோட ஊரு இதுதான். நான் ஊருக்குப் போகல சித்ரா. ஊர விட்டுப் போறேன்."

இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அழுகிற மண்டையன் வந்த வழியைப் பார்த்து அழுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அங்க இருக்குற பசங்க என்னைத்தான் மண்டையன்னு கூப்பிடுவாங்க. எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. நாளைக்கு நீ வரலைன்னா நான் யாருக்குக் கை ஆட்டுறது? க்ரேனுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளை ஒன்று மட்டும் "க்ரேன் பெரிசா இருக்கும்" என்றது, அதன் அக்கா அதன் வாயைப் பொத்தினாள்.

வாசலிலிருந்து சித்ரா சொன்னாள். "ஒன் தலை ஒண்ணும் பெரிசு இல்ல."

"க்யா?"

"மண்டையன்னு கூப்பிட மாட்டாங்கன்னு சொல்றேன். ஒன்னோடது சின்னத் தல. அப்பிடியே எவனாவது கூப்பிட்டா எனக்கு போன் பண்ணு. திருப்பிச் சொல்றதுக்கு நல்ல கெட்ட வார்த்தை நான் சொல்லித் தரேன்."

"அடி செருப்பால!" என்றார் ராணி அத்தை. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சித்ரா ஒற்றைச் செருப்போடு டப், டப் என்று ஹாலின் முழு நீளத்துக்கும் நடந்துவந்து முன் வரிசைப் பாயில் உட்கார்ந்தாள். ஸ்வப்னா மைக்கை மாமாவின் மடியில் திரும்ப வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. முழங்கை மட்டும் இடித்துக்கொண்டது.

"மாமா, முடிவச் சொல்லுங்க" என்றான் ஒரு பையன்.

திரையில் கப்பல் சின்னப் புள்ளியாகிக்கொண்டிருந்தது. மாமா மைக்கை எடுக்கவில்லை. வெறும் குரலில், பின் வரிசைக்கு எட்டாத அளவுக்கு மெதுவாகச் சொன்னார்.

"மண்டையன் போயிட்டான். பையன் கரையில நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டான். மண்டையனுக்குக் கேட்டுச்சு. கீழ ஒளிஞ்சுக்கல. மேல்தட்டுக்கு வந்து நின்னு, கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் கையாட்டிக்கிட்டே போனான்."

மறுநாள் தூறல்தான். ஹேடோ ஜெட்டியில் பயணிகளை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். கேட்டுக்கு வெளியே மூட்டை, டிரங்குப் பெட்டி, வாளிக்குள் வாளி. நடுவில் வினோத்குமார் அண்ணன், மெயின்லேண்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு புதுச் சட்டையில். நாங்கள் எல்லாரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். நான் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி மேல்.

இரண்டு பிள்ளைகளும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் ஒரு கைக்குட்டை எடுத்துப்போயிருந்தேன், வீடியோ எடுத்து ஓட்டுவதற்குப் போனும். இரண்டுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

"வாந்தி வர்ற மாதிரி இருந்தா தண்ணியப் பாக்காத, தூரமா பாரு. அப்பா சொன்னாரு" என்றாள் சித்ரா.

"தூரத்துலயும் தண்ணிதானே இருக்கும்?"

"அப்ப வானத்தப் பாரு. இதுல பொரிச்ச மீன் இருக்கு. ஒங்கப்பாகிட்டக் குடுக்காத, அவரே தின்னுருவாரு."

"குடுக்கமாட்டேன். சல், போறேன்."

"போ. மேல வந்து நில்லு."

அவ்வளவுதான். ஸ்வப்னா கேட்டுக்குள் போனாள். திரும்பிப் பார்த்தாள், போனாள், மறுபடியும் திரும்பிப் பார்த்தாள், ஒரு டிராலியில் முட்டிக்கொண்டாள்.

மாமா ஆட்டோவை மரைன் ஹில் ஏற்றத்தில் விரட்டினார். மேலே ஒரு வளைவில் நின்றால் துறைமுகம் முழுக்கத் தெரியும். கப்பல் கயிறு அவிழ்த்து மெல்லத் திரும்பும்போது மாமாவின் போன் அடித்தது. சித்ரா பிடுங்கினாள்.

"நான் மேல நிக்கிறேன்! நீலக் குடை! தெரியுதா?" என்று ஸ்வப்னா கத்துவது எனக்கே கேட்டது.

"நீலமா ஒண்ணு தெரியுது. ஆட்டு! தெரியுது, தெரியுது! நாங்க மேட்டு மேல, ஆட்டோ பக்கத்துல. தெரியுதா?"

"தெரியுது! பப்பா இப்பவே வாந்தி எடுக்குறாரு!"

"கப்பல் இன்னும் ஹார்பர விட்டே போகலியே!"

இரண்டும் சிரித்தன. பார்ப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டன. இந்தப் பக்கம் ஒரு நாய், அந்தப் பக்கம் ஒரு போலீஸ் படகு, இங்கே மழை வலுக்கிறது, அங்கே இன்னும் இல்லை. கப்பல் போகப்போகக் குரல் துண்டு துண்டாக வந்தது. "சித்... கேக்கு... மீன்..." அப்புறம் ஒன்றுமில்லை.

"ஹலோ? ஹலோ?" சித்ரா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"டவர் போயிருச்சு பாப்பா" என்றார் மாமா.

"தெரியும். இனி சென்னைக்குப் போனாதான் வரும். வந்ததும் கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கா." போனை அவர் சட்டைப்பையில் போட்டாள். மழையில் நனைந்த முகத்தைக் கையால் வழித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "பசிக்குது. என்னா சமைச்ச?"

ராணி அத்தை மாமாவைப் பார்த்தார்.

"சோறும் மீன் கொழம்பும் இருக்கு" என்றார் பிறகு. "நேத்து நீ வேணாம்னதும் இருக்கு."

"எல்லாத்தையும் போடு. அப்பா, வண்டிய எடு."

மாமா எடுக்கவில்லை. வளைவின் ஓரத்தில், கைப்பிடிக் கம்பியில் வயிறு அழுந்த எக்கி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை மேலே இருந்தது. அதை ஆட்டுகிறாரா, மழைக்குக் கண்ணை மறைத்துக்கொள்கிறாரா என்று சொல்லமுடியாது.

"அப்பா, பசிக்குது!"

"இரு பாப்பா. இன்னும் தெரியுது."

நான் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். முனைக்கு அப்பால் மழை ஒரே வெள்ளையாக இறங்கியிருந்தது. கப்பலும் இல்லை, குடையும் இல்லை.

"ஆமா மாமா," என்றேன், "தெரியுது."